பழைய டம்பி லெவல் வாங்கும் முன் இரண்டு முளை

கேள்வி: "எங்கள் மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒன்பது ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. சரிவான செம்மண் காடு. சாமை, கொள்ளு, நிலக்கடலை போடுகிறோம். கண்மட்டத்தில் பார்த்துப் போட்ட வரப்பு, ஐப்பசி மழையில் இரண்டு இடத்தில் உடைந்து, மேல்மண் கீழ்க்காட்டுக்குப் போய்விட்டது. கீழ்க்காட்டுக்காரரோடு மனத்தாங்கலும் ஆகிவிட்டது. இந்த முறை சரியாக மட்டம் பார்த்து வரப்பு போட நினைக்கிறோம். காயலான் கடையில் ஒரு பழைய டம்பி லெவல் இருக்கிறது. பித்தளை, பளபளவென்று மின்னுகிறது. 'லண்டன் சாமான்' என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?"
- தருமபுரி மாவட்ட வாசகர்

பதில்: வாங்கலாம். ஆனால், கடைக்குள் நின்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கக் கூடாது. திறந்த வெளியில் இரண்டு முளை அடித்துச் சோதித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். பித்தளையின் பளபளப்பும், மேலே பொறித்திருக்கும் ஊர்ப் பெயரும் மட்டத்தைச் சொல்லாது. ஷோகேஸில் வைப்பதற்கென்றே செய்த பித்தளை நகல்களிலும் 'லண்டன்' என்று பொறித்திருக்கும்.

சம உயர வரப்பு என்பது ஒரே மட்டத்தில் வளைந்து செல்லும் வரப்பு. மழைநீர் அதன் நீளம் முழுவதும் ஒரே ஆழத்தில் நின்று, மெதுவாக மண்ணில் இறங்க வேண்டும். வரப்புப் போகும் கோடு ஓரிடத்தில் 6 சென்டிமீட்டர் தாழ்ந்துவிட்டாலும், தேங்கிய நீர் முழுவதும் அங்கே வந்து சேரும். முதலில் வழிவது அந்த இடம்தான். வழிந்த இடம் அரித்து, அரித்த இடம் உடையும். கண்ணுக்கு 6 சென்டிமீட்டர் தெரியாது. 60 மீட்டர் தூரத்தில் 6 சென்டிமீட்டர் பிசகும் லெவலை வாங்கினால், கண்மட்டத்தில் போட்டதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. இன்னொரு மழையும், இன்னொரு மனத்தாங்கலும்தான் மிச்சம்.

டம்பி லெவல் என்பது என்ன?

ஒரு தொலைநோக்கிக் குழாய், அதன் மேலோ பக்கத்திலோ ஒரு ரசமட்டக் குழாய், அடியில் மூன்று அல்லது நான்கு மட்டத் திருகுகள், கீழே மூன்று கால் ஸ்டாண்டு. அவ்வளவுதான் கருவி. 1832-ம் ஆண்டு வில்லியம் கிராவட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதை வடிவமைத்தார். அதற்கு முன்பிருந்த லெவல்களைவிடக் குழாய் குட்டையாக இருந்ததால் 'டம்பி' என்ற பெயர் வந்தது. ரசமட்டக் குமிழ் நடுவில் நிற்கும்போது, தொலைநோக்கி வழியே போகும் பார்வைக் கோடும் மட்டமாக இருக்க வேண்டும். குமிழும் பார்வைக் கோடும் ஒத்துப்போகிறதா என்பதுதான் பழைய கருவியில் பார்க்க வேண்டிய முக்கியமான விஷயம். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பழைய டம்பி லெவல் பலவற்றில் உருவம் தலைகீழாகத் தெரியும். இது பழுது அல்ல. கண்ணாடிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்க அப்படிச் செய்தார்கள். நல்ல கருவியை 'கெட்டுப்போச்சு' என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஸ்டாஃப் என்னும் அளவுப் பலகையில் உள்ள எண்களை மேலிருந்து கீழாகப் படிக்கப் பழகிக்கொண்டால் போதும். அரை நாளில் கை வந்துவிடும்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை

முதலில் கண்ணாடி. முன்கண்ணாடியை வெளிச்சத்துக்குக் காட்டி, சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். சூரியனை நோக்கி மட்டும் திருப்பக் கூடாது. தொலைநோக்கி வழியே சூரியனைப் பார்த்தால் கண் பாழாகிவிடும். உள்ளே சிலந்தி நூல் போலக் கிளை விட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். ஈரமான இடத்தில் பெட்டிக்குள்ளேயே பல ஆண்டுகள் கிடந்த கருவிகளில் இது வரும். ஓரத்தில் சிறு புள்ளியாக இருந்தால் பாதகமில்லை. நடுவில் படர்ந்து, தூரத்து எழுத்து பால் போல மங்கலாகத் தெரிந்தால் வேண்டாம். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது. ஒட்டு விட்டிருந்தால் விளிம்பில் எண்ணெய்ப் படலம் போல வானவில் நிறம் தெரியும். அது நாளுக்கு நாள் பரவும். அதையும் தவிர்ப்பது நல்லது. வெளிப்பக்கம் இருக்கும் ஒன்றிரண்டு மெல்லிய கீறல்களால் படிப்புக்கு ஒன்றும் ஆகாது. அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

அடுத்தது குறுக்குக் கம்பி. கண் வைக்கும் பக்கம் பார்த்தால் நெடுக்கில் ஒன்றும் குறுக்கில் ஒன்றும் மெல்லிய கோடு தெரிய வேண்டும். மிகப் பழைய கருவிகளில் இது நிஜமான சிலந்தி நூலே. பிற்காலத்தில் கண்ணாடியில் கோடாகக் கீறினார்கள். நூல் அறுந்திருந்தால் சர்வே கருவி பழுது பார்ப்பவர் புதிதாகப் போட்டுத் தருவார். அதற்கு ஆகும் செலவை விசாரித்து, விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். முன்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து, கம்பி கருப்பாகத் தெளிவாகத் தெரியும் வரை கண் பக்கத்தைத் திருக வேண்டும். பிறகு தூரத்துச் சுவரில் உள்ள எழுத்தைத் தெளிவாக்க வேண்டும். இப்போது கண்ணை மேலும் கீழும் சற்று அசைத்தால், கம்பி எழுத்தின் மீது ஒட்டினாற்போல் நிற்க வேண்டும். நழுவினால் மீண்டும் இரண்டையும் திருகிப் பார்க்கலாம். எவ்வளவு திருகியும் நழுவல் நிற்காவிட்டால் உள்ளே கண்ணாடி இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது ரசமட்டக் குழாய். கண்ணாடிக் குழாயில் விரிசல் கூடாது. குமிழ் தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும். தட்டினால்தான் நகர்கிறது என்றால் குழாய் கெட்டுவிட்டது. வெயிலில் உள்ளிருக்கும் திரவம் விரிவதால் குமிழ் சிறுக்கும், குளிரில் பெருக்கும். அதனால் அளவு சற்று மாறுவது இயல்பு. குழாயின் பாதியை அடைத்துக்கொண்டு குமிழ் நின்றால் திரவம் கசிந்திருக்கிறது. குழாயை மாற்ற முடியும். ஆனால் மாற்றிய பிறகுதான் கருவியை நம்ப முடியும்.

நான்காவது திருகுகளும் ஸ்டாண்டும். ஸ்டாண்டில் பூட்டி, குழாயின் நுனியை விரலால் மெதுவாக அசைத்தால் 'லொட லொட' என்று ஆடக் கூடாது. மட்டத் திருகுகளின் மரை தேய்ந்திருந்தால் குமிழை நடுவில் நிறுத்தவே முடியாது. ஸ்டாண்டின் கால் மூட்டில் உள்ள நட்டு தளர்ந்திருந்தால் இறுக்கிக்கொள்ளலாம். மரக்கால் உளுத்திருந்தால் வேறு கால் போட வேண்டும். நல்ல கருவியை ஆட்டம் காணும் ஸ்டாண்டில் வைத்துவிட்டு, கருவியைக் குறை சொல்வது பல இடங்களில் நடக்கிறது.

ஐந்தாவது காகிதம். அரசுத் துறைகளும் ஒப்பந்தக்காரர்களும் பயன்படுத்திக் கழித்த கருவிகள்தான் பெரும்பாலும் பழைய கடைகளுக்கு வருகின்றன. குழாயிலோ பெட்டியிலோ துறைப் பெயரும் எண்ணும் எழுதியிருந்தால், ஏலத்தில் எடுத்த ரசீது உண்டா என்று கேட்க வேண்டும். எண் சுரண்டப்பட்டிருந்தால் தொடாமல் வருவதே நல்லது. திருட்டுப் பொருள் என்று தெரிய வந்தால், வாங்கியவரும் காவல் நிலையப் படி ஏற வேண்டியிருக்கும்.

களத்தில் பார்க்க வேண்டியவை

கடைச் சோதனையில் தேறிய கருவியைத்தான் வெளியே எடுத்துச் செல்ல வேண்டும். ஏறக்குறைய சமமான தரை, 70 மீட்டர் நீளம் போதும். பள்ளி மைதானமோ, காய்ந்த ஏரியோ வசதியாக இருக்கும்.

முதல் சோதனை, திருப்பிப் பார்த்தல். மட்டத் திருகுகளைத் திருகி, குழாயை எந்தப் பக்கம் வைத்தாலும் குமிழ் நடுவில் நிற்கும்படி முடிந்த அளவு கொண்டுவர வேண்டும். பிறகு குழாயை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். குமிழ் நடுவிலேயே நின்றால் ரசமட்டம் சரி. 4 கோடு தள்ளிப் போனால் உண்மையான பிசகு அதில் பாதி, அதாவது 2 கோடு. அந்தப் பாதியை ரசமட்டக் குழாயின் நுனியில் உள்ள சிறு நட்டைத் திருகியும், மீதிப் பாதியை மட்டத் திருகிலும் சரிசெய்ய வேண்டும். இது சாதாரணப் பிசகு. இதற்காகக் கருவியை ஒதுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது சோதனைதான் தீர்ப்புச் சொல்வது. டேப்பால் அளந்து, 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகளை ஆடாமல் அடிக்க வேண்டும். ஒன்றை மேற்கு முளை, மற்றதைக் கிழக்கு முளை என்று வைத்துக்கொள்ளலாம்.

கருவியைச் சரியாக நடுவில், இரண்டுக்கும் 30 மீட்டரில் நிறுத்தி, குமிழை நடுவாக்கி, இரண்டு முளைகளின் மீதும் ஸ்டாஃபை வைத்துப் படிக்க வேண்டும். மேற்கில் 1.420 மீட்டர், கிழக்கில் 1.265 மீட்டர் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.155 மீட்டர். கிழக்கு முளை 15.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த விடை, கருவி பிசகாக இருந்தாலும் சரியான விடைதான். பார்வைக் கோடு மேல்நோக்கிப் போனால், ஒரே தூரத்தில் உள்ள இரண்டு ஸ்டாஃபிலும் ஒரே அளவுதான் கூடும். கழிக்கும்போது அது அடிபட்டுப் போகும்.

இப்போது கருவியை மேற்கு முளைக்கு வெளிப்புறமாக, அதே கோட்டில் 3 மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். அங்கிருந்து மேற்கு முளை 3 மீட்டர், கிழக்கு முளை 63 மீட்டர். மீண்டும் குமிழை நடுவாக்கிப் படிக்க வேண்டும். மேற்கில் 1.380 வந்தால், கிழக்கில் 0.155 குறைந்து 1.225 வர வேண்டும். வந்தால் கருவி சுத்தம். 1.285 வந்தால், 60 மீட்டர் கூடுதல் தூரத்துக்கு 60 மில்லிமீட்டர் பிசகு. அதாவது மீட்டருக்கு 1 மில்லிமீட்டர்.

மெட்ரிக் ஸ்டாஃபில் சிறு கோடு 5 மில்லிமீட்டர். ஆகவே இந்தச் சோதனையில் 5 மில்லிமீட்டர் வரை வித்தியாசம் வந்தால் வயல் வேலைக்குத் தாராளமாகப் போதும். அதற்கு மேல் 20 மில்லிமீட்டர் வரை வந்தால், கீழே சொல்லும் கவனத்தோடு பயன்படுத்தலாம். அதையும் தாண்டினால், குறுக்குக் கம்பியைத் தாங்கும் வளையத்தின் திருகுகளை விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்து, மீண்டும் முளைச் சோதனை செய்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

ஒரு முறை செய்தால் போதாது. கருவியைப் பெட்டியில் வைத்து, இருசக்கர வாகனத்தில் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சோதனையை இன்னொரு முறை செய்ய வேண்டும். முதலில் 15 மில்லிமீட்டர், இரண்டாம் முறையும் ஏறக்குறைய 15 என்றால் அந்தக் கருவியை நம்பலாம். அதன் பிசகு தெரிந்த பிசகு. முதலில் 5, அடுத்து 40 என்றால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது வேண்டாம்.

முளை அடித்துப் பார்க்கக் கடைக்காரர் சம்மதிக்காவிட்டால், வாங்காமல் திரும்புவதில் நஷ்டமில்லை. விலையிலும் ஒரு கணக்கு உண்டு. கருவியின் விலையோடு பழுது நீக்கும் செலவையும் ஸ்டாஃப் விலையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தத் தொகை புதிய ஆட்டோ லெவல் விலையில் பாதியைத் தாண்டினால், மூன்று குடும்பமும் சேர்ந்து புதியதையே வாங்கிவிடலாம்.

வாங்கிய பிறகு

சிறு பிசகு உள்ள கருவியிலும் சரியான வேலை வாங்க ஒரே வழி, தூரத்தைச் சமமாக வைப்பதுதான். மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் பிசகும் கருவியில், 10 மீட்டரில் ஒரு புள்ளியும் 40 மீட்டரில் ஒரு புள்ளியும் குறித்தால், இரண்டுக்கும் இடையே 3 சென்டிமீட்டர் மட்டம் மாறிவிடும். எல்லாப் புள்ளிகளும் 25 முதல் 35 மீட்டருக்குள் விழும்படி கருவியின் இடத்தைத் தேர்ந்தால், மாறுவது 1 சென்டிமீட்டர்தான். தூரத்தை அளக்க டேப் கூட வேண்டாம். குறுக்குக் கம்பிக்கு மேலும் கீழும் இரண்டு சிறு கோடுகள் உள்ள கருவியாக இருந்தால், மேல்கோட்டுப் படிப்புக்கும் கீழ்க்கோட்டுப் படிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை 100-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய தூரம் கிடைக்கும். ஒன்று 1.60, மற்றது 1.20 என்றால் வித்தியாசம் 0.40, தூரம் 40 மீட்டர். மட்டத்துக்கு எப்போதும் நடுக்கம்பியை மட்டுமே படிக்க வேண்டும்.

ஸ்டாஃப் பிடிப்பவர் அதை முன்னும் பின்னும் மெதுவாகச் சாய்க்க வேண்டும். அப்போது வரும் படிப்புகளில் குறைந்ததுதான் சரியான படிப்பு. காலை பத்து மணிக்குள் வேலையை முடிப்பது நல்லது. அதற்கு மேல் தரையில் கானல் எழும்பி, ஸ்டாஃபில் உள்ள எண்கள் ஆடும். ரசமட்டத்தின் மீது நேர் வெயில் படாமல் ஒரு குடை பிடித்துக்கொள்ள வேண்டும்.

பழைய கருவியோடு அடிக்கணக்கு ஸ்டாஃப் வந்தால் ஒரு எச்சரிக்கை. அதில் ஒரு அடி 12 அங்குலமாகப் பிரிந்திருக்காது; 10 பாகமாகவும் 100 பாகமாகவும் பிரிந்திருக்கும். 5.75 என்றால் 5 அடி 9 அங்குலம். அடி ஸ்டாஃபையும் மீட்டர் ஸ்டாஃபையும் ஒரே வேலையில் கலக்கக் கூடாது.

மழை மிகுந்த பகுதிகளிலும், நீர் எளிதில் இறங்காத களிமண்ணிலும் வரப்பை முழு மட்டமாகப் போடாமல், நீர் மெதுவாக வடிய 100 மீட்டருக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வாட்டம் கொடுப்பார்கள். மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் பிசகு என்பது 100 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். கொடுக்கும் வாட்டத்தில் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ அது விழுங்கிவிடும். அங்கெல்லாம் சுத்தமான கருவிதான் வேண்டும். எந்த வரப்பு, எவ்வளவு இடைவெளி என்பதை வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம். வரப்பின் உபரி நீர் எங்கே இறங்கும் என்பதைக் கீழ்க்காட்டுக்காரரையும் உடன் வைத்துக்கொண்டு குறிப்பது, பிற்பாடு வரும் சச்சரவைத் தவிர்க்கும்.

கருவி எதுவும் தேறவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் இருக்கிறது. 15, 20 மீட்டர் நீளமுள்ள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபில் காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு வாயையும் திறந்து பிடித்தால், இரு பக்கத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நிற்கும். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், இரண்டு ஆள் வேண்டும். ஆனால், ஒன்பது ஏக்கருக்கு மட்டம் குறிக்க இதுவே போதும்.

இதே பொருள் குறித்து வேறு வாசகர்களின் சிறு கேள்விகள்

கேள்வி: "பழைய ஆட்டோ லெவல் கிடைக்கிறது. டம்பியைவிட அது நல்லதா?"

வேலை வேகமாக நடக்கும். வட்டக் குமிழை நடுவில் நிறுத்தினால், உள்ளே தொங்கும் கண்ணாடி அமைப்பு மீதி மட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். பழையதில் அந்தத் தொங்கும் பாகம் சிக்கியிருக்கலாம். ஸ்டாஃபைப் பார்த்தபடி, குழாயின் நேராக உள்ள மட்டத் திருகைச் சிறிது திருக வேண்டும். குமிழ் வட்டத்துக்குள் இருக்கும் வரை படிப்பு மாறக் கூடாது. மாறினால் உள்பாகம் வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்வது கைதேர்ந்தவர் வேலை. முளைச் சோதனை இதற்கும் கட்டாயம்.

கேள்வி: "செல்போனில் லெவல் பார்க்கும் ஆப் இருக்கிறதே, அதை வைத்து வரப்பு போடக் கூடாதா?"

கூடாது. செல்போன் 0.1 டிகிரி பிசகினாலே 60 மீட்டரில் 10 சென்டிமீட்டர் மாறிவிடும். அலமாரி மாட்டுவதற்கு அது போதும், வரப்புக்குப் போதாது. செல்போன் ஜி.பி.எஸ். காட்டும் உயரமோ மீட்டர் கணக்கில் மாறக்கூடியது. அதை நம்பி ஒரு முளை கூட அடிக்கக் கூடாது.

கேள்வி: "வாங்கிய டம்பி லெவலை எப்படிப் பாதுகாப்பது?"

மழையில் நனைந்தால் பெட்டிக்குள் பூட்டாமல், நிழலில் காற்றாட உலர்த்திய பிறகு வைக்க வேண்டும். கண்ணாடியை வேட்டி நுனியால் துடைக்கக் கூடாது. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, சுத்தமான பருத்தித் துணியால் லேசாக ஒற்றினால் போதும். வேலை இல்லாத மாதங்களிலும் மாதம் ஒரு முறை பெட்டியைத் திறந்து காற்றுப் பட வைத்தால் பூஞ்சணம் அண்டாது. ஒவ்வொரு பருவத்திலும் வேலை தொடங்கும் முன், இரண்டு முளைச் சோதனையை ஒரு முறை செய்து, வந்த பிசகைத் தேதியோடு பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி வைக்க வேண்டும். அடுத்து யார் எடுத்தாலும் அந்தக் குறிப்பு அவர்களுக்கு உதவும்.